‘ஃபோமட்’ செய்வதற்கு முன்: பழைய கணினியும் எங்கள் வீட்டு ஆவணங்களும்

“ஃபோமட் பண்ணினாச் சரியாயிடும் அம்மா. நாளைக்கு வந்து எடுங்கோ.”

திருகோணமலை நகரில் கணினி திருத்தும் கடையொன்றில் காத்திருந்தபோது காதில் விழுந்த வார்த்தைகள் இவை. கணினியைக் கொண்டுவந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அது இயங்கத் தொடங்கவே பத்து நிமிடம் எடுக்கிறது என்பதுதான் அவரது முறைப்பாடு. சரியென்று தலையசைத்துவிட்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்து கேட்டார்: “தம்பி, அதுக்குள்ள மகன்ட படம் இருக்கு. அது போகாதுதானே?”

தம்பி கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தார். படம் மட்டுமல்ல, காணாமலாக்கப்பட்ட மகனுக்காக எழுதிய கடிதங்கள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த விண்ணப்பங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அவற்றுக்கு வேறு பிரதி இல்லை.

1990 இடம்பெயர்வு, 2004 சுனாமி, 2006இல் மூதூரும் சம்பூரும் என்று காகிதங்களைத் தொலைத்துத் தொலைத்தே வந்த மாவட்டம் இது. மிஞ்சியவற்றைப் பலர் ஸ்கேன் செய்து கணினியில் வைத்திருக்கிறார்கள். ஒரு படக்கோப்பின் பெறுமதியும் இந்த ஊருக்குத் தெரியும். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்ததாகச் சொல்லப்பட்டது. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதை வெளியே காட்டியவை ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி திருகோணமலையில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிரதி எடுக்காமல் விடுவது சாதாரண மக்களின் தவறு மட்டுமல்ல. 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை சைபர் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இல்லாமல் போயின. அந்தக் காலப்பகுதிக்கான காப்புப் பிரதி இருக்கவில்லை. அரசுக்கே நடந்தது எங்கள் வீட்டிலும் நடக்கலாம்.

முதலில் தேடுங்கள்

டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய கோப்புறைகளை முதலில் பாருங்கள். டி ட்ரைவ், வைபர் படங்கள், ஸ்கேனர் சேமிக்கும் கோப்புறை ஆகியவற்றையும் மறக்க வேண்டாம்.

எங்களுக்கே உரிய ஒரு சிக்கல் பாமினி எழுத்துரு. பழைய கடிதங்கள் பல பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டவை. கணினியைப் புதிதாக்கியதும் எழுத்துரு போய்விடும். கடிதத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். சி ட்ரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபொன்ட்ஸ்’ பகுதியிலிருந்து பாமினியைத் தனியே பிரதி எடுங்கள். முக்கியமான கடிதங்களை பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள்.

மூன்று பிரதிகள்

உலகெங்கும் சொல்லப்படும் எளிய விதி இது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரிலோ நாட்டிலோ இருக்கும் உறவினரிடம் அல்லது கூகுள் ட்ரைவில். கூகுள் 15 ஜிபி வரை இலவசமாகத் தருகிறது. எல்லாவற்றையும் ஒரே அலுமாரியில் வைத்தால், கடல் வந்த அன்று எல்லாம் சேர்ந்தே போகும். பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். துறைமுகத்து உப்புக்காற்று இணைப்பு முனைகளைத் துருப்பிடிக்க வைக்கும்; ஹார்ட் டிஸ்க்கைக் காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள்.

கோப்புகளை ‘கட்’ செய்யாதீர்கள், ‘கொப்பி’ செய்யுங்கள். முடிந்ததும் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். திறந்து பார்க்காத பிரதியை பிரதி என்று நம்ப முடியாது.

சாட்சிகளின் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் உள்ள கோப்புகளை 7-சிப் போன்ற இலவச மென்பொருளால் கடவுச்சொல் இட்டுப் பூட்டுங்கள். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது. ஒரு தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். அப்படியான கோப்புகள் உள்ள கணினியைக் கடையில் விட்டுவிட்டு வராமல், அருகிலிருந்து திருத்துவிப்பது நல்லது.

பிறகு திருத்துங்கள்

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் கணினியை நிறுத்திவிடுங்கள், டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் ஃபோமட் செய்யக் கூடாது. தெரிந்தவரிடம் கொடுத்துக் கோப்புகளை முதலில் மீட்க வேண்டும்.

சத்தம் இல்லையென்றால் சின்ன வேலைகளில் தொடங்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதன் ‘ஸ்டார்ட்-அப்’ பகுதியில் தேவையற்றவற்றை நிறுத்துங்கள். சி ட்ரைவ் நிரம்பியிருந்தால் இடம் ஒதுக்குங்கள். விண்டோஸ் டிஃபென்டரால் வைரஸ் இருக்கிறதா என்று பாருங்கள். விசிறியின் தூசியைத் துடையுங்கள்.

அப்படியும் சரிவராவிட்டால் செட்டிங்ஸில் ‘ரிக்கவரி’ பகுதிக்குப் போய் ‘ரீசெட் திஸ் பிசி’ என்பதைத் தெரிவு செய்யலாம். ‘கீப் மை ஃபைல்ஸ்’ உங்கள் கோப்புகளை விட்டுவைத்து, நீங்கள் நிறுவிய மென்பொருள்களை அகற்றும். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ எல்லாவற்றையும் அழிக்கும். கணினியை விற்கும்போது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். எதைத் தெரிவு செய்தாலும் மின்சார இணைப்பு இருக்க வேண்டும். பிரதி உள்ள வெளி டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். பிட்லொக்கர் பூட்டு உள்ள மடிக்கணினியானால் அதன் மீட்புக் குறியீட்டை முன்னரே எழுதி வையுங்கள்.

பழைய கணினிக்குப் பெரிய வேகத்தைத் தருவது, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்துவதுதான். கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிடாதீர்கள். அதையே இன்னொரு பிரதியாக வைத்திருக்கலாம். விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளில் லினக்ஸ் மின்ட் இலவசமாக நிறுவலாம்.

அன்று அந்தக் கணினி ஃபோமட் செய்யப்படவில்லை. தம்பி முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்தார். பிறகு அதைக் கடைக் கணினியில் செருகி, கோப்புறை கோப்புறையாகத் திறந்து காட்டினார். அந்த அம்மா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். பாடசாலைச் சீருடையில் ஒரு பையனின் படம் திரையில் வந்தது.

“ஓம், இதுதான்” என்றார். “இனிச் செய்யுங்க தம்பி.”