கேபிள் மோடமும் தனி ஃபயர்வாலும்

தொலைக்காட்சிக்காக வீட்டுக்குள் இழுத்த கோஆக்ஸியல் கேபிளிலேயே இணையமும் வரும்போது, அதிலிருந்து இணையத் தரவைப் பிரித்தெடுத்து ஈதர்நெட் போர்ட் வழியாகத் தருவது கேபிள் மோடமின் வேலை. எந்தத் தரவை உள்ளே விடலாம், எதைத் தடுக்க வேண்டும் என்று பார்ப்பது ஃபயர்வாலின் வேலை. அமெரிக்காவிலும் கனடாவிலும் கேபிள் நிறுவனங்கள் பெரும்பாலும் மோடம், ரவுட்டர், ஃபயர்வால், வை-ஃபை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து வாடகைக்குத் தருகின்றன. தனி ஃபயர்வால் வைக்க விரும்புவோர் இந்த வேலைகளைப் பிரிக்க வேண்டியிருக்கும். பிரித்த பிறகு ஒரு வேலையை ஒரே ஒரு கருவிதான் செய்ய வேண்டும். இரண்டு கருவிகள் ஒரே வேலையைச் செய்யப் போவதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

மோடம் இயங்கத் தொடங்கும் விதம்

கேபிள் மோடம்கள் ‘டாக்சிஸ்’ என்ற தரத்தின்படி இயங்குகின்றன. அமெரிக்காவின் கேபிள்லேப்ஸ் அமைப்பு அதன் முதல் பதிப்பை 1997இல் வெளியிட்டது. 3.0, 3.1 பதிப்புகள் இன்று வீடுகளில் பரவலாக உள்ளன.

மின்சாரம் கொடுத்ததும் மோடம் முதலில் டவுன்ஸ்ட்ரீம் அலைவரிசையைத் தேடிப் பிடிக்கிறது. பிறகு, எவ்வளவு சக்தியில் சிக்னல் அனுப்ப வேண்டும் என்று நிறுவனத்தின் தலைமைக் கருவியோடு சரிபார்த்துக்கொள்கிறது. தனக்கென ஒரு நிர்வாக முகவரியைப் பெற்று, கடைசியில் ஓர் அமைவுக் கோப்பை இறக்கிக்கொள்கிறது. வாடிக்கையாளருக்கு எவ்வளவு வேகம், மோடமுக்குப் பின்னால் எத்தனை கருவிகளை அனுமதிக்கலாம் என்பவை அந்தக் கோப்பில் இருக்கும். வீட்டு இணைப்புகளில் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் 1. அந்த ஓர் இடம் ஃபயர்வாலுக்குப் போக வேண்டும்.

எந்த ஃபயர்வால்?

தனி ஃபயர்வால் என்பது குறைந்தது இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகள் கொண்ட ஒரு சிறு கணினி. வான் எனப்படும் வெளிப் போர்ட் மோடமோடும், லான் எனப்படும் உள் போர்ட் வீட்டு ஸ்விட்சோடும் இணையும். 2004இல் தொடங்கிய பிஎஃப்சென்ஸ், அதிலிருந்து கிளைத்து 2015இல் வெளிவந்த ஓபிஎன்சென்ஸ் ஆகிய இரண்டும் இதற்குப் பெயர்பெற்ற மென்பொருள்கள். இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் எழுந்தவை. இரண்டிலும் இலவசப் பதிப்பு உண்டு. இரண்டு போர்ட் கொண்ட பழைய கணினியிலும் நிறுவலாம்.

இவை உள்ளிருந்து புறப்படும் ஒவ்வோர் இணைப்பையும் குறித்துவைத்து, அதற்கான பதிலை மட்டும் உள்ளே விடும். கேட்காமல் வெளியிலிருந்து வரும் எதையும் தள்ளிவிடும். புதிதாக நிறுவியதும் இருக்கும் பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரிந்தது என்பதால், அதை மாற்றுவது முதல் வேலை.

பிரிட்ஜ் மோட்

மோடம் மட்டுமேயான கருவியை வாங்கிவிட்டால் வேலை எளிது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் வாடிக்கையாளர் தம் விருப்பப்படி மோடமும் ரவுட்டரும் வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. அமெரிக்காவிலும் சொந்த மோடம் வாங்குவது சாதாரணம். நிறுவனத்தின் ஏற்புப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்த்துக்கொண்டால் போதும்.

வாடகைப் பெட்டியையே வைத்துக்கொள்வதானால் அதை பிரிட்ஜ் மோடுக்கு மாற்ற வேண்டும். அமெரிக்க கேபிள் நிறுவனமான காம்காஸ்டின் எக்ஸ்ஃபினிட்டி பெட்டிகளில் பிரவுசரில் 10.0.0.1 என்ற முகவரிக்குச் சென்று இதைச் செய்யலாம். மாற்றியதும் அந்தப் பெட்டியின் ரவுட்டர், வை-ஃபை இரண்டும் நின்றுவிடும். எனவே ஃபயர்வாலின் லான் பக்கத்தில் வை-ஃபைக்கென ஓர் ஆக்சஸ் பாயின்ட்டைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

மாற்றாமல் விட்டால் ‘இரட்டை நாட்’ என்ற நிலை வரும். நாட் என்பது வீட்டின் பல உள் முகவரிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் மறைக்கும் முகவரி மாற்றம். அதை இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்துச் செய்தாலும் சாதாரண வலைத்தளங்கள் திறக்கும். ஆனால் வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்ப்பது, வீட்டிலேயே விபிஎன் சர்வர் நடத்துவது, சில ஆன்லைன் விளையாட்டுகள் ஆகியவை தடுமாறும்.

இதைக் கண்டுபிடிக்க, ஃபயர்வாலின் வான் போர்ட்டுக்கு என்ன முகவரி வந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். அது 10 என்றோ, 192.168 என்றோ, 172.16 முதல் 172.31 வரையோ தொடங்கினால் முன்னால் இன்னொரு ரவுட்டர் இயங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நிறுவனமே தன் பக்கத்தில் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தருகிறது. அதை வீட்டிலிருந்து மாற்ற முடியாது, நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

பழைய கருவியை மறக்கவைத்தல்

மோடம் தன்னோடு இணைந்த கருவியை, அதன் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியால் நினைவில் வைத்துக்கொள்ளும். நேற்று வரை மடிக்கணினியை நேராகச் செருகியிருந்தால் அந்த ஓர் இடம் அதற்கே போயிருக்கும். இன்று ஃபயர்வாலைச் செருகினால் விளக்குகள் எரியும், கேபிளும் சரியாக இருக்கும், ஆனால் முகவரி மட்டும் வராது. புதிதாக அமைப்பவர்களைக் கலங்கடிக்கும் இடம் இதுதான்.

தீர்வு எளிது. மோடமின் மின் இணைப்பைப் பிடுங்கி, ஃபயர்வாலின் வான் போர்ட்டை அதில் செருகிவிட்டு, மோடமுக்கு மறுபடியும் மின்சாரம் கொடுக்க வேண்டும். அது முழுவதுமாக எழுந்து ஆன்லைன் விளக்கு நிலையாக எரிந்த பிறகு ஃபயர்வாலை இயக்க வேண்டும். தொலைபேசி வசதியும் உள்ள சில மோடம்களுக்குள் பேட்டரி இருக்கும். மின்சாரத்தைப் பிடுங்கினாலும் அவை அணையாது. பேட்டரியைக் கழற்றவோ ரீசெட் பொத்தானை அழுத்தவோ வேண்டும்.

வான் பக்க அமைப்பு

கேபிள் இணைப்பில் பெரும்பாலும் யூசர்நேம், பாஸ்வேர்டு தேவைப்படாது. வான் போர்ட்டை டிஎச்சிபி முறையில் வைத்தால் முகவரி தானாக வரும். தமிழ்நாட்டில் பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்பில் இதே வேலையைச் செய்வோர் பிபிபிஓஇ முறையைத் தேர்ந்து, நிறுவனம் தந்த யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும்.

இங்கே இன்னொரு பொறி உண்டு. கேபிளில் சிக்னல் இல்லாத நேரத்தில் பல மோடம்கள் தாமே 192.168.100 என்று தொடங்கும் ஒரு தற்காலிக முகவரியைக் கொடுத்துவிடும். ஃபயர்வால் அதை நம்பி வாங்கிக்கொண்டால், சிக்னல் திரும்பிய பிறகும் சிறிது நேரம் இணையம் இல்லாமல் நிற்கும். 192.168.100.1 தரும் முகவரியை ஏற்காதே என்று சொல்லும் கட்டம் பிஎஃப்சென்ஸின் வான் அமைப்பில் உள்ளது. அதை நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

உள் வலைக்கான முகவரியையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மோடம் 192.168.100.1 என்ற முகவரியிலோ 10.0.0.1 என்ற முகவரியிலோ இருந்தால் லான் பக்கத்தில் அதே வரிசை வரக்கூடாது. 192.168.50 போன்ற வேறொரு வரிசை பாதுகாப்பானது.

ஐபிவி6

இணைய முகவரி முறையின் புதிய பதிப்பான ஐபிவி6இல் வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைக்கும். நாட் என்ற மறைப்பு இங்கே இல்லாததால், வீட்டைக் காப்பது ஃபயர்வால் விதிகள் மட்டுமே. நிறுவனம் ஒரு முன்னொட்டை மொத்தமாகத் தரும். அதை ஃபயர்வால் உள் வலைகளுக்குப் பங்கிடும். 60 பிட் முன்னொட்டு கிடைத்தால் 16 தனித்தனி உள் வலைகள் அமைக்கலாம்: குடும்பத்துக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, கேமரா முதலான கருவிகளுக்கு ஒன்று. ஐசிஎம்பிவி6 செய்திகளை முழுவதுமாகத் தடுக்கக்கூடாது. அவை இல்லாமல் ஐபிவி6 ஒழுங்காக இயங்காது.

மோடமின் உள்பக்கம்

ஃபயர்வால் நடுவில் இருந்தாலும் பெரும்பாலான மோடம்களின் நிலைப் பக்கத்தை 192.168.100.1இல் பார்க்கலாம். இணையம் விட்டுவிட்டு வரும்போது குறை எந்தக் கருவியில் என்று அந்தப் பக்கமே சொல்லிவிடும். டவுன்ஸ்ட்ரீம் சக்தி பூஜ்யத்தை ஒட்டி, மைனஸ் 7 முதல் பிளஸ் 7 டிபிஎம்வி வரை இருந்தால் நல்லது. மோடம் அனுப்பியதற்கு நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை என்பதைக் குறிக்கும் டி3 டைம்-அவுட் என்ற வரி பதிவேட்டில் அடிக்கடி வந்தால் சந்தேகம் கேபிள் மீதுதான். ஃபயர்வால் விதிகளைக் குடைந்து பயனில்லை. தளர்ந்த கனெக்டர், தேவையில்லாத ஸ்ப்ளிட்டர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டரே ஏறத்தாழ 3.5 டெசிபல் சிக்னலை விழுங்கிவிடும்.

மோடமின் நிலைப் பக்கத்தை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் திறந்து வைக்கத் தேவையில்லை. 2020 ஜனவரியில் டென்மார்க் ஆய்வாளர்கள் ‘கேபிள் ஹாண்ட்’ என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். பிராட்காம் சிப் கொண்ட பல மோடம்களை, வீட்டுக்குள் இருப்பவர் திறக்கும் ஒரு வலைப்பக்கத்தின் வழியாகவே கைப்பற்ற முடியும் என்று அது காட்டியது. மோடம் ஃபயர்வாலுக்கு வெளியே இருந்தாலும் தாக்குதல் உள்ளிருந்து கிளம்புகிறது. நிர்வாகம் செய்யும் ஒரு கணினியைத் தவிர மற்றவை மோடமின் முகவரிக்குப் போகக்கூடாது என்று லான் பக்கத்தில் ஒரு விதி எழுதினால் இந்த வகைத் தாக்குதலுக்குப் பெரும்பாலும் வழி அடைபடும்.

வரிசையும் வேகமும்

கேபிள் இணைப்புகளில் அப்லோடு வேகம் டவுன்லோடைவிடப் பல மடங்கு குறைவு. ஒருவர் படங்களை கிளவுடில் ஏற்றும்போது மற்றவரின் வீடியோ அழைப்பு திக்குவதற்குக் காரணம், தரவு மோடமில் நீண்ட வரிசையாகத் தேங்கி நிற்பதே. ஃபயர்வாலில் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஃப்க்யூ-கோடெல் முறையை இயக்கி, அளந்து பார்த்த வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வரம்பு வைத்தால், வரிசை மோடமுக்குப் போகாமல் ஃபயர்வாலிலேயே ஒழுங்குபடும்.

கடைசிச் சோதனை

வான் பக்கத்தில் பொது முகவரி வந்திருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிறகு மொபைல் டேட்டாவிலிருந்து வீட்டின் பொது முகவரிக்குப் போய், ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கம் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும், திறக்கவே கூடாது. மோடமை ஒருமுறை அணைத்து இயக்கி, யாரும் தொடாமல் இணையம் தானாகத் திரும்புகிறதா என்றும் சோதிக்கலாம். எல்லாம் சரியென்றால் ஃபயர்வாலின் அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்து வேறிடத்தில் வைக்க வேண்டும். அதன்பின் ஃபயர்வாலுக்கு அவ்வப்போது அப்டேட் போட வேண்டும். மோடமின் உள்மென்பொருளை கேபிள் நிறுவனமே தன் பக்கத்திலிருந்து புதுப்பித்துக்கொள்ளும்.