ஆளில்லா வீடும் உறையும் தண்ணீரும்

குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் வெடிக்கும்போது, பனிக்கட்டி இருக்கும் இடத்தில்தான் அது பிளக்கும் என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாயில், குளிர் அதிகம் தாக்கும் ஓரிடத்தில் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்கிறது. உறையும் தண்ணீரின் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். வளரும் அந்தக் கட்டி, ஊசிக்குள் மருந்தைத் தள்ளும் தண்டுபோல, தனக்கும் மூடியிருக்கும் பைப்புக்கும் நடுவே அகப்பட்ட தண்ணீரை நெருக்குகிறது. தண்ணீரை அமுக்கிச் சிறிதாக்க முடியாது; அழுத்தம் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறுகிறது. கடைசியில், பனியே இல்லாத ஓரிடத்தில் செப்புக் குழாய் கிழிகிறது. கடுங்குளிர் இரவில் பைப்பைக் கொஞ்சம் திறந்து சொட்டவிடச் சொல்வது இதனால்தான். அகப்பட்ட தண்ணீருக்கு வெளியேற வழி இருந்தால் அழுத்தம் ஏறாது.

கனடாவில் வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் காப்புறுதி எடுக்குமுன் தெரிந்துகொள்ளவேண்டிய முதல் விடயம் இது என்பேன். எந்த நிறுவனம், மாதம் எவ்வளவு என்பவற்றை அடுத்துப் பார்க்கலாம். காப்புறுதி ஒப்பந்தத்தின் குளிர்கால நிபந்தனைகள் தண்ணீரின் இயல்பை ஒட்டி எழுதப்பட்டவை. அந்த இயல்பு விளங்கினால், எந்த வரியில் நம் பணம் தங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஒரு கிலோ தண்ணீரை 10 பாகையிலிருந்து 0 பாகைக்குக் குளிரவைக்க அது சுமார் 42 கிலோஜூல் வெப்பத்தை இழக்கவேண்டும். 0 பாகையிலேயே நின்று முழுதாக உறைய, மேலும் 334 கிலோஜூல் வெளியேற வேண்டும். அதாவது 8 மடங்கு. ஆகவே சூடாக்கி நின்ற உடனே குழாய் வெடிப்பதில்லை. முதலில் சுவர்கள் ஆறவேண்டும், பிறகு தண்ணீர் ஆறவேண்டும், அதன்பின் உறையவேண்டும். இலினோய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் செய்த சோதனைகளில், சூடேற்றப்படாத இடத்தில் உறையிடாமல் ஓடும் குழாய்களுக்கு, வெளிக்குளிர் சுமார் கழித்தல் 7 பாகையைத் தொடும்போதுதான் ஆபத்து தொடங்கியது. ரொறன்ரோவின் சனவரி இரவுகளுக்கு அது சாதாரணக் குளிர். இருந்தாலும் வீட்டுக்குள் ஆள் இருந்தால், சூடு நின்றதைக் கவனித்துச் செயற்படச் சில மணி நேரமாவது கிடைக்கிறது. ஆளில்லாத வீட்டில் அந்த அவகாசம் வீணாகிறது.

இன்னொன்றும் உண்டு. குழாய் கிழிந்தாலும் பனிக்கட்டி அடைத்திருக்கும்வரை தண்ணீர் பெரிதாக வெளியே வராது. குளிர் தணிந்து கட்டி உருகியதும், நகரக் குழாயின் முழு அழுத்தத்தோடு கொட்டத் தொடங்கும். பிரதான வால்வைப் பூட்ட யாரும் இல்லையென்றால் நாள்கணக்கில் ஓடி, மேல்மாடி, கூரைத்தட்டு, பேஸ்மென்ட் எல்லாவற்றையும் ஊறவைத்துவிடும்.

இப்போது ஒப்பந்தத்தைத் திறப்போம். கனடாவின் பல வீட்டுக் காப்புறுதிகளில் இப்படியொரு விதி இருக்கும்: வழக்கமாகச் சூடேற்றும் பருவத்தில் தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் வீட்டைவிட்டுப் போயிருந்தால், உறைவினால் வரும் சேதத்துக்குப் பணம் இல்லை. தப்ப வழக்கமாக இரண்டு வழிகள் உண்டு. பொறுப்பான ஒருவர் நாள்தோறும் உள்ளே வந்து சூடு இருக்கிறதா என்று பார்த்திருக்கவேண்டும். அல்லது பிரதான வால்வைப் பூட்டிக் குழாய்களை வடித்திருக்கவேண்டும். நாட்கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

வாடகை வீட்டில் இதைவிடக் கடுமையான ஒரு பொறி உண்டு. வீட்டில் இருப்பவர் பயணம் போயிருப்பது ஒன்று. குடியிருந்தவர் சாமான்களோடு வெளியேறி, அடுத்தவர் இன்னும் வராதிருப்பது வேறொன்று. பின்னதைக் காப்புறுதி ‘வெற்றுவீடு’ என்றே கணக்கிடும். பல ஒப்பந்தங்களில், வீடு வெறுமையாக இருக்கும் காலத்தில் நேரும் உறைவுச் சேதமும் குழாய்த் தண்ணீர்ச் சேதமும் முதல் நாளிலிருந்தே விலக்கப்பட்டிருக்கும். முப்பது நாள் தாண்டினால், நிறுவனத்தின் அனுமதி பெறாதவரை, காப்பு முழுவதுமே நின்றுபோகலாம். டிசம்பர் முடிவில் ஒருவர் வெளியேறி பெப்ரவரியில் மற்றவர் வருவது எத்தனை வீடுகளில் நடக்கிறது! ஆண்டின் மிகக் குளிரான நாட்களில் வீட்டுக்குக் காப்பு இல்லாமல் போகிறது என்பதை வீட்டுக்காரர் அறிவதே இல்லை. வாடகை வீட்டுக் காப்புறுதிகளை ஒப்பிடும்போது நான் முதலில் தேடச் சொல்வது இந்த விதியைத்தான்.

‘காஸ் சூடாக்கிதானே, மின்சாரம் போனால் என்ன?’ என்று சிலர் கேட்பதுண்டு. எரிவாயு ஃபர்னஸின் காற்றாடியும் கட்டுப்பாடும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. மின்சாரம் நின்றால் சூடும் நிற்கும். 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் சுமார் 3 இலட்சம் மின்னிணைப்புகள் இருண்டன. நத்தார் காலம் அது. குடியிருந்த பலர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். 1998 சனவரியில் கியூபெக்கின் சில பகுதிகளில் வாரக்கணக்கில் மின்சாரம் இருக்கவில்லை. இப்படியொரு நாளில் வால்வைப் பூட்டி, எல்லாப் பைப்புகளையும் திறந்து தண்ணீரை வடிக்க, குடியிருப்பவருக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். வெப்பம் குறைந்தால் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் உணர்கருவி, தண்ணீர் கசிந்தால் தானாக மூடும் வால்வு இரண்டும் இப்போது கிடைக்கின்றன. இவற்றுக்குச் சில நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைக்கின்றன. மின்சாரமும் இணையமும் இல்லாதபோது அவை வேலைசெய்யுமா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் மோட்கேஜ் கட்டுவதற்குத் துணையாகப் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள் ஏராளம். காப்புறுதிக்கு அதைச் சொல்லாதவர்களும் உண்டு. கட்டணம் கூடிவிடும் என்ற பயம். ஒன்ராறியோவின் காப்புறுதிச் சட்டப்படி, ஆபத்தின் அளவை மாற்றும் எந்த மாற்றத்தையும் நிறுவனத்துக்கு உடனே அறிவிக்கவேண்டும். மறைத்த விடயம் இழப்பீடு கேட்கும்போது வெளிவந்தால், மேல்மாடிச் சேதத்துக்குக்கூடப் பணம் மறுக்கப்படலாம். மாதம் சில பத்து டொலர்களை மிச்சம் பிடிக்க முழு வீட்டையும் பணயம் வைப்பது பெருந்தவறு.

கூரை ஓரத்தில் தொங்கும் பனி ஈட்டிகளும் அழகுக்கு இல்லை. கூரைக்குள்ளிருந்து கசியும் சூடு மேலே பனியை உருக்க, ஓடிவரும் நீர் குளிர்ந்த ஓரத்தில் மீண்டும் உறைந்து அணைபோடுகிறது. தேங்கும் நீர் ஓடுகளுக்கடியால் சுவருக்குள் இறங்குகிறது. பல காலமாக மெல்ல ஊறிய சேதத்துக்குக் காப்புறுதி பணம் தருவதில்லை. கூரையின் உள்ளே வெப்பக் காப்புப் போடுவதே இதற்கு மருந்து.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதிதாகக் கட்டும் செலவைத் தருகிறார்களா, தேய்மானம் கழித்த பெறுமதியையா என்று பாருங்கள். திருத்தவேலை நடக்கும் மாதங்களின் இழந்த வாடகை சேர்ந்திருக்கவேண்டும். கழிவுநீர் பின்னோக்கி வருவதும் பனி உருகி வெள்ளம் புகுவதும் பெரும்பாலும் தனியாகக் கேட்டு வாங்கவேண்டியவை. குடியிருப்பவரின் பொருட்களை உங்கள் காப்புறுதி காக்காது; அவர் தனியாக எடுக்கவேண்டும்.

யாராவது நடைபாதையில் வழுக்கி விழுந்தால்? ‘பனி தள்ளுவது குடியிருப்பவர் வேலை’ என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பொதுவழியைப் பாதுகாப்பது வீட்டுக்காரரின் கடமை, அதைத் தட்டிக்கழிக்கும் வாடகை நிபந்தனை செல்லாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் சொல்லிவிட்டது. 2021 சனவரி முதல், விழுந்தவர் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. கடமை அப்படியேதான் இருக்கிறது. பொறுப்புக் காப்புத் தொகையில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

குளிர் தொடங்குமுன் உங்கள் காப்புறுதி முகவரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். குடியிருப்பவர் இல்லாதபோது எத்தனை நாள்வரை உறைவுச் சேதத்துக்குக் காப்பு உண்டு? ஒருவர் வெளியேறி மற்றவர் வரும் இடைவெளியில் என்ன நிலை? யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வீட்டைப் பார்க்கவேண்டும்? பதிலையும் எழுத்திலேயே வாங்கி, ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள்.