விழித்திரையைப் படிக்கும் கணினி

சர்க்கரை நோய் கண்ணைக் கெடுப்பது வலியே இல்லாமல்தான். இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால், விழித்திரைக்கு இரத்தம் கொண்டுபோகும் மிக நுண்ணிய நாளங்களின் சுவர் தளர்ந்துபோகிறது. முதலில் சுவரில் ஊசிமுனை அளவுக்குச் சிறு புடைப்புகள் தோன்றும். அடுத்து அங்கங்கே இரத்தம் கசியும், கொழுப்பு கசிந்த இடங்களில் மஞ்சள் திட்டுகள் படியும். நாளங்கள் அடைபட்டு ஆக்சிஜன் போதாமல் போகும்போது, புதிய நாளங்களை முளைக்கத் தூண்டும் ஒரு புரதத்தை விழித்திரை சுரக்கிறது. இப்படி அவசரத்தில் முளைக்கும் நாளங்களுக்கு உறுதி கிடையாது. ஒருநாள் அவை உடைந்து கண்ணுக்குள் இரத்தம் நிறையலாம்; அல்லது கூடவே வளரும் தழும்புத் திசு விழித்திரையைப் பிடித்து இழுத்துப் பிரித்துவிடலாம். இதில் பெரும்பகுதி நடந்து முடியும்வரை நோயாளிக்கு பஸ் நம்பர் தெரியும், பேப்பர் படிக்க முடியும். பார்வை சரியாக இருக்கும்போது கண் டாக்டரிடம் போக யாருக்குத் தோன்றும்?

சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். சொல்வது எளிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். வயது வந்தோரில் 11.4 சதவீதம். அத்தனை பேருக்கும் இரண்டு கண்களையும் பார்ப்பதென்றால் ஆண்டுக்கு 20 கோடி விழித்திரைகள். கண் மருத்துவர்களோ பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறார்கள்; கண்புரை அறுவைக்கே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

படம் எடுக்க மருத்துவர் தேவையில்லை. ஃபண்டஸ் கேமரா என்னும் கருவியின் முன் நோயாளி மோவாயை வைத்து உட்கார்ந்தால், கண்மணி வழியாக ஒளியைச் செலுத்தி, கண்ணின் பின்சுவரை ஒரே மின்னலில் வண்ணப்படமாகப் பதிவு செய்துவிடலாம். சில வாரப் பயிற்சி பெற்ற ஊழியர் இதைச் செய்வார். உடலில் எங்கும் கத்தி வைக்காமல் இரத்தநாளங்களை நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம் கண் ஒன்றுதான். 1851-இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்தியதிலிருந்து மருத்துவம் இந்த ஜன்னலைப் பயன்படுத்தி வருகிறது. படத்தைப் படித்து, 'நோய் இல்லை', 'ஆரம்பம்', 'நடுத்தரம்', 'கடுமை', 'புது நாளங்கள் முளைத்துவிட்டன' என்ற ஐந்து படிகளில் எது என்று சொல்வதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்து, அங்கே எடுத்த படங்களை நகரத்தில் இருப்பவர்கள் கணினித் திரையில் பார்த்துச் சொல்லும் முறையை நெடுநாளாக நடத்தி வருகிறது. இந்தப் படிக்கும் வேலையைத்தான் இப்போது செயற்கை நுண்ணறிவு ஏற்றுக்கொள்ள வந்திருக்கிறது.

அதற்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த விதத்தைப் பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் ஒருசேர விளங்கும். கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பம். அமெரிக்காவிலிருந்தும், அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் படங்களைத் திரட்டினார்கள். பயிற்சிக்கு மட்டும் 1,28,175 படங்கள். அமெரிக்காவில் 54 கண் மருத்துவர்கள் அவற்றைப் பார்த்து மதிப்பிட்டார்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு பேர் வரை பார்த்தார்கள். புடைப்பு எப்படி இருக்கும், கசிவு எந்த நிறம் என்று கணினிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. படத்தையும் மருத்துவர்கள் கொடுத்த விடையையும் மட்டும் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் கணினி ஒரு விடையை ஊகித்து, அது எவ்வளவு தப்பு என்று கணக்கிட்டு, தனக்குள் இருக்கும் கோடிக்கணக்கான எண்களைத் துளித்துளியாகத் திருத்திக்கொண்டது. எதைப் பார்த்து முடிவு செய்தது என்பதை அதைச் செய்தவர்களாலேயே முழுமையாகச் சொல்ல முடியாது.

ஒரு படத்தை ஏன் ஏழு பேர் வரை பார்க்க வேண்டும்? மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை என்பதுதான் காரணம். ஒரே படத்தை ஒருவர் 'ஆரம்பம்' என்பார், மற்றவர் 'நடுத்தரம்' என்பார். லென்ஸில் ஒட்டிய தூசியா, நாளத்தில் எழுந்த புடைப்பா என்பதிலேயே பல நேரம் குழப்பம் வரும். அதே ஆய்வுக் குழுவினர் பின்னர் விழித்திரை நிபுணர்களைச் சேர்ந்து பேசி ஒருமித்த முடிவுக்கு வரச் செய்தபோது, தனித்தனியாகப் பார்த்ததில் நேர்ந்த தவறுகளுக்கு முதல் காரணம் இந்த நுண் புடைப்புகளைக் கவனிக்காமல் விட்டதுதான் என்று தெரிந்தது. கணினிக்குக் கிடைக்கும் 'சரியான விடை' மனிதர்கள் வாக்கெடுத்துச் சொன்ன விடை என்பதை இந்தத் துறையின் விளம்பரங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

2016-ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். சோதனைக் கருவியின் தரத்தைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும்: நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டது. இவை ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை. கணினி ஒவ்வொரு படத்துக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஒரு மதிப்பெண் தருகிறது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் 'நோய்' என்பது மனிதர்கள் போடும் கோடு. கோட்டைத் தாழ்த்தி வைத்தபோது அந்த ஆய்வில் 97.5 சதவீத நோயாளிகள் பிடிபட்டார்கள், நோயில்லாதவர்களில் 93.4 சதவீதம் பேர் சரியாக விடப்பட்டார்கள். கோட்டை உயர்த்தியபோது அவை 90.3, 98.1 என்று மாறின. கணக்குக்காக ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள், அவர்களில் நூறு பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். முதல் கோட்டில் இரண்டு அல்லது மூன்று நோயாளிகள் தப்பிப் போவார்கள். ஒன்றுமில்லாத 59 பேர் வீணாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுவார்கள். இரண்டாம் கோட்டில் வீண் அலைச்சல் 17 பேருக்குத்தான், ஆனால் பத்து நோயாளிகள் தப்பிவிடுவார்கள். எந்தக் கோடு சரி என்று கணினி சொல்லாது. கண் மருத்துவமனை பக்கத்துத் தெருவில் இருந்தால் தாழ்ந்த கோடு நல்லது. ஒருநாள் கூலியை விட்டு மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய ஊரில் அதே கோடு மக்களுக்குச் சலிப்பைத்தான் தரும்.

ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்த படங்களில் ஜெயிப்பது வேறு, வாசலில் வந்து நிற்கும் நோயாளிகளிடம் ஜெயிப்பது வேறு. இரண்டாவதைச் சோதிக்க அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 பேரிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அரவிந்தில் கணினி 88.9 சதவீத நோயாளிகளையும், சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதத்தையும் பிடித்தது. அங்கே வழக்கமாகப் படம் படிப்பவர்களுக்கு இது சமம் அல்லது ஒருபடி மேல். சென்னையில் இன்னொரு முயற்சி இதற்கு முன்பே நடந்திருந்தது. பெங்களூரு ரெமிடியோ நிறுவனத்தின், ஸ்மார்ட்ஃபோனில் பொருத்திய விழித்திரைக் கேமராவால் 296 சர்க்கரை நோயாளிகளைப் படம் எடுத்து, ஐஆர்ட் என்ற மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்ததில், பார்வையைப் பறிக்கும் கட்டத்தில் இருந்தவர்களில் 99.1 சதவீதம் பேரை அது கண்டுபிடித்தது. பெரிய கேமராவை மேசையோடு தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போக முடியாது. ஃபோன் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

அமெரிக்காவில் கதை வேறு வழியில் போனது. அயோவா பல்கலைக்கழகத்தின் விழித்திரை மருத்துவர் மைக்கேல் அப்ரமாஃப் உருவாக்கிய ஐடிஎக்ஸ்-டிஆர் கருவிக்கு 2018 ஏப்ரலில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. மருத்துவர் ஒருவர் சரிபார்க்காமலே முடிவு சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு அங்கே கிடைத்த முதல் அனுமதி அதுதான். குடும்ப மருத்துவரின் கிளினிக்கிலேயே படம் எடுத்தால், 'கண் நிபுணரிடம் போகவும்' அல்லது '12 மாதம் கழித்து மறுபடி சோதிக்கவும்' என்று இரண்டில் ஒன்றை அது சொல்லும். அதற்கு முன் 10 கிளினிக்குகளில் 900 பேரிடம் அதைச் சோதித்திருந்தார்கள். கருவி தவறாகச் சொன்னால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்த நிறுவனம் தானே மருத்துவப் பிழைக் காப்பீடு எடுத்து விடை சொன்னது. 2021 முதல் இந்தச் சோதனைக்கு அமெரிக்கக் காப்பீட்டு முறையில் தனிக் கட்டணக் குறியீடும் உண்டு. யார் பணம் கொடுப்பார், யார் பழி ஏற்பார் என்ற இரண்டும் தீராமல் எந்த மருத்துவக் கருவியும் ஆய்வுக் கட்டுரையைத் தாண்டி வெளியே வருவதில்லை.

இதுவரை சொன்னவை வெற்றிகள். இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி அதிகம் கற்றுத்தருவது தாய்லாந்தில் நடந்தது. அந்நாட்டில் சுமார் 45 லட்சம் சர்க்கரை நோயாளிகளுக்கு 200 விழித்திரை நிபுணர்கள். சிற்றூர் கிளினிக்கில் நர்ஸ் படம் எடுத்து நிபுணருக்கு அனுப்பினால், பதில் வரப் பத்து வாரம்கூட ஆனதுண்டு. கூகுளின் கருவி சில நிமிடங்களில் பதில் சொல்லும். பத்தும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 கிளினிக்குகளில் அதைப் பயன்படுத்தத் தொடங்கி, நடப்பதை ஆராய்ச்சியாளர்கள் கூடவே இருந்து கவனித்தார்கள். முதல் ஆறு மாதங்களில் கருவிக்கு அனுப்பிய 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தெளிவு போதாது என்று அது திருப்பிவிட்டது.

காரணம் அறைதான். கண்மணி நன்றாக விரிய இருட்டு வேண்டும். 11 இடங்களில் இரண்டில் மட்டுமே இருட்டாக்கக்கூடிய தனி அறை இருந்தது. மற்ற இடங்களில் வேறு வேலையும் நடக்கும் வெளிச்சமான அறையிலேயே கேமராவும் இருந்தது. ஓரத்தில் சற்று மங்கிய படத்தை நர்ஸ் பார்த்து, 'நன்றாகத்தானே தெரிகிறது' என்று நினைப்பார். உயர்ந்த தரப் படங்களை வைத்துக் கண்டிப்பாக வடிவமைத்த கருவியோ ஏற்காது. ஏற்காத படத்துக்கு விதிமுறை, நோயாளியை நிபுணரிடம் அனுப்பு என்பது. கண்ணில் எந்தக் கோளாறும் தெரியாதவரைத் தொலைவிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல நர்ஸுக்கு மனம் வரவில்லை. சில இடங்களில் இந்தச் சோதனையே வேண்டாம் என்று நோயாளிகளுக்குச் சொல்லிவிட்டார்கள். படங்களை இணையம் வழியே அனுப்ப வேண்டியிருந்தது இன்னொரு தொல்லை. ஒரு கிளினிக்கில் இரண்டு மணி நேரம் இணையம் நின்றுபோனதில், 200 பேரைச் சோதிக்க வேண்டிய நாளில் 100 பேரைத்தான் சோதிக்க முடிந்தது. இதைப் பார்த்தபின், கருவி ஏற்காத படங்களை நிபுணரும் பார்க்கும்படி விதிமுறையை மாற்றினார்கள். அதே நாட்டில் 9 இடங்களில் 7,651 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான அடுத்த ஆய்வில் கருவி 94.7 சதவீதம் சரியாகச் சொன்னது. நிபுணர் மேற்பார்வைக்கு இருந்தார் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

விழித்திரைப் படத்தில் மனிதக் கண்ணுக்குத் தெரியாதது கணினிக்குத் தெரிகிறது என்பது இத்துறையின் வியப்பான கிளைக்கதை. 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 2,84,335 பேரின் தகவல்களில் பயின்ற கணினி, விழித்திரைப் படத்தை மட்டும் பார்த்து அந்த ஆளின் வயதைச் சராசரியாக மூன்றேகால் ஆண்டு வித்தியாசத்துக்குள் சொன்னது. ஆணா பெண்ணா, புகைபிடிப்பவரா என்றும் சொன்னது. விழித்திரையைப் பார்த்து ஆண், பெண் பிரித்தறிய எந்தக் கண் மருத்துவருக்கும் தெரியாது. கண்ணைப் பார்த்து மாரடைப்பு அபாயத்தைச் சொல்லும் கருவிகள் வருமா என்ற ஆசை இதிலிருந்துதான் கிளம்பியது. அன்றாட மருத்துவம் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை.

இதற்கு நேர் எதிரான குறையும் உண்டு. கற்றுக்கொடுத்த ஒன்றைத் தவிர வேறெதையும் கருவி பார்ப்பதில்லை. சர்க்கரை நோய்ப் பாதிப்புக்காக மட்டும் பயின்ற கருவி, அதே படத்தில் கண் அழுத்த நோயின் அடையாளமோ கட்டியோ இருந்தாலும், 'ஒன்றுமில்லை, அடுத்த ஆண்டு வாருங்கள்' என்று சொல்லிவிடக்கூடும். அனுபவமுள்ள மருத்துவர் ஒன்றைத் தேடப்போய் மற்றொன்றையும் கண்டுபிடிப்பார். கருவியின் பதிலை நோயாளிக்குச் சொல்பவர், எதற்கான சோதனை இது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

2024-இல் கூகுள் தன் கருவியை இந்தியாவில் ஃபோரஸ் ஹெல்த், அரவிந்தின் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் ஆகியவற்றுக்கும், தாய்லாந்தில் பெர்செப்ட்ரா நிறுவனத்துக்கும் வழங்கியது. பத்து ஆண்டுகளில் 60 லட்சம் சோதனைகள் இலவசம் என்றும் அறிவித்தது. 10.1 கோடி நோயாளிகளோடு ஒப்பிட்டால் இது சிறிய பங்குதான். நோய் பிடிபட்டபின் செய்ய வேண்டியவை புதியவையும் அல்ல. லேசர் சிகிச்சை பார்வை இழப்பைப் பாதிக்குமேல் குறைக்கும் என்று 1970-களிலேயே அமெரிக்க ஆய்வு ஒன்று நிறுவிவிட்டது. புது நாளங்களை முளைக்கத் தூண்டும் புரதத்தை அடக்கும் ஊசி மருந்துகளும் உள்ளன. ஆனால் அவற்றை மீண்டும் மீண்டும் போட வேண்டும், செலவும் கூடுதல். 'போய்க் காட்டுங்கள்' என்று கருவி சொன்னவர்களில் எத்தனை பேர் உண்மையில் போய்க் காட்டினார்கள், எத்தனை பேர் முழுச் சிகிச்சையும் எடுத்தார்கள் என்ற கணக்கை வைக்கும் திட்டங்கள்தான், எத்தனை படம் எடுத்தோம் என்று மட்டும் எண்ணும் திட்டங்களைவிடப் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்புள்ளவை. அந்தக் கணக்கை வைக்க ஒரு ஃபோன் நம்பரும், மறுபடி கூப்பிட்டுக் கேட்க ஓர் ஊழியரும் போதும்.