ஒரு சொட்டு இரத்தம் சொல்லும் செய்தி

விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கிறார்கள். அதைச் சிறிய அட்டை ஒன்றில் இடுகிறார்கள். கால் மணி நேரத்தில் அதில் சிவப்புக் கோடு தோன்றினால், "இவருக்கு வைரஸ் தொற்று ஏற்பட்டிருக்கிறது" என்று பொருள். கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில் இத்தகைய விரைவுச் சோதனைகள் பல நாடுகளில் பயன்பட்டன. அந்தக் கோட்டை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம்? பார்ப்போமா?

வைரஸ் உடலில் நுழைந்ததும், அதை எதிர்க்க நம் உடல் சில புரதங்களை உண்டாக்குகிறது. இவற்றை எதிர்ப்பொருள்கள் என்கிறோம். அட்டையில், வைரஸின் புரதம் பூசிய மிக நுண்ணிய தங்கத் துகள்கள் உள்ளன. இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் இத்துகள்களைப் பற்றிக்கொண்டு நகர்ந்து, ஓரிடத்தில் சிக்கிக்கொள்கிறது. துகள்கள் அங்கே குவிவதால் கோடு தெரிகிறது. தங்கம் மஞ்சள் நிறமாயிற்றே என்கிறீர்களா? அவ்வளவு சிறிய துகள்களாகும்போது அது சிவப்பாகத் தோன்றும்!

இச்சோதனை வைரஸைத் தேடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. அது போதிய அளவு உண்டாக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே, நேற்றுக் காய்ச்சல் தொடங்கியவருக்குக் கோடு தோன்றாமல் போகலாம். "எனக்கு நோயில்லை" என்று அவர் வெளியே நடமாடினால் என்ன ஆகும்?

சரி, கோடு தோன்றிவிட்டால் அது உறுதிதானா? ஒரு கணக்குப் போடுவோம். 10,000 பேர் வாழும் ஊரில் 100 பேருக்குத்தான் தொற்று வந்திருக்கிறது. தொற்று வந்தவர்களில் 100க்கு 90 பேரைச் சோதனை சரியாகக் கண்டுபிடிக்கும். வராதவர்களில் 100க்கு 5 பேருக்குத் தவறாகக் கோடு காட்டும் என்று கொள்வோம். தொற்று வந்தவர்களில் 90 பேருக்குக் கோடு தோன்றும். வராத 9,900 பேரில் 495 பேருக்கும் தோன்றும்! மொத்தம் 585 கோடுகள். அவற்றில் உண்மையானவை 90 மட்டுமே. அதாவது 13க்கு 2.

நல்ல கருவிக்கே இந்த நிலை என்றால், குறையுள்ள கருவியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? 2020 ஏப்ரலில், வெளிநாட்டிலிருந்து வந்த சில சோதனை அட்டைகள் 5.4 சதவீதமே சரியான முடிவைத் தந்ததாக இராஜஸ்தான் மாநிலம் அறிவித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏப்ரல் 21 அன்று சோதனையை நிறுத்திவைக்கச் சொன்னது. ஏப்ரல் 27 அன்று, அட்டைகளைத் திருப்பி அனுப்பும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தமிழ்நாடும் தன்னிடம் வந்திருந்த 24,000 அட்டைகளைத் திருப்பி அனுப்புவதாகக் கூறியது.

அப்படியானால் இச்சோதனை வீணா? இல்லை. ஓர் ஊரில் நோய் எவ்வளவு பரவியது என்று கணக்கிட எதிர்ப்பொருள் சோதனைகள் உதவுகின்றன. தனி ஒருவரின் நோயை உறுதி செய்யத்தான் அது மட்டும் போதாது.

இப்போது நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். அதே ஊரில், அதே சோதனை. ஆனால் 5,000 பேருக்குத் தொற்று வந்திருக்கிறது. கோடு தோன்றியவர்களில் எத்தனை பேருக்கு அது உண்மை? 4,750 பேரில் 4,500 பேர் என்று விடை வந்ததா? அட்டை மாறவில்லை, ஊர்தான் மாறியது!