ஆபீஸ்ல எல்லாம் மாறுதா? முதல்ல மேனேஜர்கிட்ட இந்த 5 கேள்விகளைக் கேளுங்க



திங்கட்கிழமை காலையில ஒரு மெயில் வருது. "அடுத்த மாதம் முதல் புதிய சாஃப்ட்வேர், புதிய டீம், புதிய டார்கெட்." படிச்சதும் நமக்குத் தோணுற முதல் கேள்வி, "இதை எப்போ கத்துக்கப் போறோம்?" ஆனா கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கு: "இதனால என் சம்பளத்துல என்ன மாறும்?"

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்க சிடிசி வருடத்துக்கு 6 லட்சம், அதில் 15% வேரியபிள் பே என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 90,000, காலாண்டுக்கு 22,500 ரூபாய். புது வேலை பிடிபடாத அந்த 3 மாதத்துல உங்களுக்கு 60% மட்டும் கிடைச்சா, கைக்கு வருவது 13,500. போனது 9,000 ரூபாய். பைக் இஎம்ஐ கட்டுற பலருக்கு இது சின்னத் தொகை இல்லை.

என் முதல் வேலையில் இதை நேரிலேயே பார்த்தேன். ரிப்போர்ட் எடுக்கும் முறையை ஒரே நாளில் மாத்தினாங்க. பக்கத்து டீம் லீட் மெயிலை ஃபார்வர்ட் பண்ணதோட சரி. எங்க லீட் தினமும் சாயங்காலம் 4 மணிக்கு அரை மணி நேரம் எங்களோட உட்கார்ந்தாங்க. "முதல் மாசம் தப்பு வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன், நீங்க பயப்படாம கேளுங்க"ன்னு சொன்னாங்க. அந்தக் காலாண்டு டார்கெட்டையும் மேலே பேசிக் குறைச்சு வாங்கினாங்க. ஒரே மாற்றம்தான், ஆனா வேரியபிள் வந்தப்போ ரெண்டு டீமுக்கும் நல்ல வித்தியாசம்.

இது சின்ன ஆபீஸ் பிரச்சினை மட்டும் இல்லை. 2020 ஏப்ரல் 1-ம் தேதி 10 பொதுத்துறை வங்கிகள் 4 வங்கிகளாக இணைந்தன. 1865-ல் தொடங்கிய அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு சேர்ந்தது, அதுவும் நாடே ஊரடங்கில் இருந்தபோது. இப்படிப்பட்ட நேரத்துல தலைமை அலுவலகம் சர்க்குலர் அனுப்பலாம். ஆனா கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு அதைப் புரிய வைக்கிறது, பக்கத்துல இருக்கிற மேலதிகாரிதான்.

ஜெஃப் ஹையட் என்பவர் உருவாக்கிய 'அட்கார்' முறை இந்தத் துறையில் பிரபலம். ஒரு மாற்றம் நிலைக்கணும்னா ஊழியருக்கு 5 விஷயம் வேணும்: ஏன் என்ற தெளிவு, மாறணும் என்ற விருப்பம், எப்படி என்ற அறிவு, செய்யும் திறன், பழையபடி திரும்பாமல் இருக்கத் தொடர்ந்த ஆதரவு. இதையே நம்ம கேள்விகளா மாத்திக்கலாம்:

1. இந்த மாற்றம் எதுக்கு? என் வேலையில் எந்தப் பகுதி மாறும்?
2. இதனால எனக்கு என்ன பலன்? அப்ரைசல்ல இது கணக்குல வருமா?
3. பயிற்சி ஆபீஸ் நேரத்துல நடக்குமா? கோர்ஸ் ஃபீஸ் யார் கட்டுறது? அதுக்கு பாண்ட் ஏதாவது இருக்கா?
4. பழகுற வரைக்கும் டார்கெட்ல சலுகை உண்டா? எத்தனை வாரம்?
5. சந்தேகம் வந்தா யாரைக் கேட்கணும்? நாம மறுபடி எப்போ பேசலாம்?

பேசி முடிச்சதும் அன்னைக்கே ஒரு சின்ன மெயில் போடுங்க: "இன்று பேசியபடி, முதல் 6 வாரத்துக்கு டார்கெட் பாதி என்று புரிந்துகொண்டேன்." இது சண்டைக்கு இல்லை. நாளைக்கு அந்த மேனேஜரே மாறிட்டா, உங்க கையில ஒரு ஆதாரம் இருக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஒரே குழுமத்தின் வேறு கம்பெனிக்கு மாத்துறாங்கன்னா, ராஜினாமா கடிதம் கேட்கலாம். அவசரப்பட்டுக் கையெழுத்து போடாதீங்க. நிரந்தர ஊழியருக்குப் பொதுவா 5 வருட தொடர்ச்சியான பணிக்குத்தான் கிராஜுவிட்டி. அடிப்படைச் சம்பளம் 25,000 என்றால், அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 5 வருடத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 72,115 ரூபாய். நாலு வருஷம் முடிஞ்ச நேரத்துல கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கினா எவ்வளவு நஷ்டம்! "பழைய பணிக்காலம் தொடரும்" என்று எழுத்தில் வாங்குங்க. பிஎஃப் பணமும் அதே யுஏஎன் எண்ணில் தொடருதான்னு பார்த்துக்கோங்க.

சரி, எல்லா மேனேஜரும் எங்க லீட் மாதிரி இருப்பாங்களா? இருக்க மாட்டாங்க. அதனால மாற்றம் வருதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே ரெண்டு வேலை செய்யுங்க. அடுத்த 2 காலாண்டுக்கு வேரியபிள் வராதுன்னு நினைச்சு பட்ஜெட் போடுங்க. புது இஎம்ஐ எதையும் தொடங்காதீங்க. வேரியபிள் வந்தா, அதை அப்படியே எமர்ஜென்சி ஃபண்டுல போட்டுடுங்க.

நல்ல மேனேஜர் அமைவது நம்ம கையில இல்லை. ஆனா இந்த 5 கேள்விகளைக் கேட்கிறது நம்ம கையிலதான் இருக்கு. இந்த வாரமே அரை மணி நேரம் கேட்டு வாங்குங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!