ரிப்பேர் பார்த்த கார் ஏன் ஒழுகுகிறது?

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், சேலத்துக்குச் சாலை பிரியும் ஊர் உளுந்தூர்பேட்டை. கோடைக் காலத்தில் இங்கே சாலையோரம் பானெட்டைத் தூக்கி நிறுத்திய கார் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். அடியில் பச்சை நிற நீர் தேங்கியிருக்கிறது. "நேற்றுத்தான் சார் ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து வந்தேன்!" என்கிறார் ஓட்டுநர். ரிப்பேருக்கு முன் ஒழுகாத கார், ரிப்பேருக்குப் பின் ஏன் ஒழுக வேண்டும்? மெக்கானிக்கைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் இயற்பியல் பார்ப்போம், மாணவ நண்பர்களே!

பெட்ரோல் எரிந்து வெளிவரும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீருக்குப் போய்விடுகிறது. அந்த வெப்பத்தை ரேடியேட்டர் காற்றில் விடுகிறது. நீர் 90 டிகிரி, வெளிக்காற்று 20 டிகிரி என்றால் வெப்பநிலை வேறுபாடு 70. உளுந்தூர்பேட்டையின் மே மாத வெயிலில் காற்றே 40 டிகிரி. வேறுபாடு 50 தான். வெப்பம் வெளியேறும் வேகமும் அதற்கேற்பக் குறைகிறது. கல்வராயன் மலைப்பாதையில் தாழ்ந்த கியரில் ஏறும்போது நிலைமை இன்னும் மோசம்: எஞ்சினுக்கு வேலை அதிகம், எதிர்க்காற்று குறைவு.

இனி, ரேடியேட்டர் மூடிக்கு வருவோம். அது வெறும் மூடி அல்ல. உங்கள் வீட்டுக் குக்கரில் இருக்கும் வெயிட்டின் உடன்பிறப்பு. 1679-இல் டெனிஸ் பாப்பின் செய்து காட்டிய நீராவிப் பாத்திரத்தின் தத்துவம்தான் இரண்டிலும். மூடியிலுள்ள ஸ்பிரிங், உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கு வரை அழுத்தம் ஏற விடுகிறது. அப்போது நீர் 100 டிகிரியில் கொதிக்காது. 120 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட் இன்னும் சற்று மேலேயும் போகும். (இது இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய நஞ்சு. நாய், பூனை நக்க விடாதீர்கள்.)

இந்த அழுத்தத்தில்தான் ரகசியம் இருக்கிறது. 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரப்பர் ஹோஸ் ஒன்றை எண்ணிப்பாருங்கள். அதன் வாய்ப் பரப்பு ஏறக்குறைய 7 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் கூடுதலாக ஒரு கிலோ அழுத்தம். அதாவது 7 கிலோ எடை தொங்குவது போன்ற விசை, ஹோஸைக் கழற்றப் பார்க்கிறது! கிளிப் ஒரு விரற்கடை தள்ளிப் போடப்பட்டிருந்தாலும், ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு சொட்டு கூட வராது. ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பின்தான் பீறிடும். எனவே கடைசியாகக் கை பட்ட இடத்தை முதலில் பார்க்க வேண்டும்.

மெக்கானிக் மீது குற்றமே இல்லாமலும் இது நடக்கலாம். பழைய மூடி தளர்ந்து போய், அழுத்தத்தைப் பிடிக்காமல் இருந்திருக்கும். புதிய மூடி போட்டதும் முழு அழுத்தம் வருகிறது; வெயிலில் நொய்ந்த பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விடுகிறது. நல்ல பாகம், கெட்ட பாகத்தைக் காட்டிக்கொடுக்கிறது! இன்னொன்று, கசிவே இல்லாத கசிவு: 6 லிட்டர் நீர் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 190 மில்லிலிட்டர் விரிகிறது. துணைத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பியிருந்தால் அது வழியத்தானே செய்யும்? ஏ.சி. ஓடும் காரின் கீழ் சொட்டும் நிறமற்ற நீரைப் பார்த்துப் பதறுவோரும் உண்டு. அது காற்றிலிருந்து குளிர்ந்து படிந்த ஈரம்.

உண்மையான கசிவு தொடங்கிவிட்டால் விபரீதம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். அழுத்தம் இறங்கும், கொதிநிலையும் இறங்கும், அதுவரை கொதிக்காதிருந்த நீர் கொதித்து, மீதி நீரை வெளியே தள்ளும். வெப்பமானியின் முள் ஏறிவிட்டு, திடீரெனக் கீழே இறங்கினால் மகிழ வேண்டாம். உணர்கருவியைச் சுற்றி நீரே இல்லாமல் போயிருக்கலாம்! எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். இல்லையேல் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

அப்போது மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள். 6 லிட்டர் நீர் 115 டிகிரியில் இருக்கிறது. திறந்ததும் 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். உபரி வெப்பம் 6 × 4.2 × 15 = 378 கிலோஜூல். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் தேவை. எனவே சுமார் 170 கிராம் நீர் நொடிப்பொழுதில் ஆவியாகும். அதன் கன அளவு ஏறக்குறைய 280 லிட்டர்! ஒரு பெரிய டிரம்மை விட அதிகமான நீராவி, கொதிநீரையும் வாரிக்கொண்டு திறந்தவரின் முகத்தை நோக்கி வரும். எஞ்சின் நன்றாக ஆறும்வரை, அரை மணிக்கு மேலானாலும், காத்திருப்பதே வழி. சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் கூடாது, உலோகம் வெடிக்கும்.

ஆறிய பின் துப்பறியலாம். சொட்டுகிற இடமே ஓட்டை என்று எண்ணிவிடாதீர்கள். விசிறிக் காற்றும் புவியீர்ப்பும் நீரை வேறிடத்துக்குக் கொண்டுபோகும். காய்ந்த பச்சைக் கறையைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் போக வேண்டும். தேர்ந்த மெக்கானிக், மூடி இருந்த இடத்தில் அளவி பொருத்திய கைப்பம்பை மாட்டி, மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை காற்றடிப்பார். எஞ்சின் சூடாகாமலே அழுத்தம் மட்டும் கிடைத்துவிடுகிறது! முள் அசையாமல் நின்றால் கசிவில்லை. முள் இறங்கி, எங்கோ ஒழுகினால் இடம் தெரிந்துவிடும். முள் இறங்கியும் வெளியே ஒரு சொட்டும் இல்லையா? இருக்கைப் பக்கத்து விரிப்பு ஈரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். பிறகு எஞ்சின் ஆயிலை எடுத்துப் பார்ப்பார். அது பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் நீர் எஞ்சினுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. அதற்குமேல் அந்தக் கார் சேலம் போக வேண்டுமானால் லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.