சைக்கிள் பயணமும் சரக்குக் கணக்கும்

நம்மில் பலருக்கும் வியாபாரம் சைக்கிளில்தான் தொடங்கியது. கேரியரில் ஒரு மூட்டை, ஹேண்டில்பாரில் இரண்டு பை என்று தெருத்தெருவாகச் சரக்குப் போட்டவர்கள்தாம் இன்று கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். அந்தச் சைக்கிளிலேயே நாடு விட்டு நாடு வந்த ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர் வியாபாரி அல்லர். ஆனால் அவர் போட்ட கணக்கு நமக்கு நன்றாகவே புரியும்.

பெயர் டெர்வ்லா மர்ஃபி. ஊர், அயர்லாந்தில் லிஸ்மோர். தந்தை நூலகர். 1941-ல் பத்தாவது பிறந்த நாளுக்குப் பழைய சைக்கிள் ஒன்றும் உலக வரைபடப் புத்தகம் ஒன்றும் பரிசாகக் கிடைத்தன. சில நாள் கழித்து ஒரு மேட்டில் மிதித்து ஏறும்போது, இப்படியே மிதித்துக்கொண்டிருந்தால் இந்தியாவுக்கே போய்விடலாமே என்று தோன்றியது. பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

14 வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. முடக்குவாதத்தால் நடமாட முடியாத தாயாரைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு அவருடையதாயிற்று. 1961-ல் தந்தையும் 1962-ல் தாயாரும் காலமானார்கள். 1963 ஜனவரியில், 31 வயதில், பிரான்சின் டன்கிர்க் துறைமுகத்தில் சைக்கிளை எடுத்தார். யூகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக ஜூலையில் டில்லி வந்து சேர்ந்தார். ஆகிய வழிச் செலவு 64 பவுண்டு சொச்சம். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 860 ரூபாய்.

இருப்பும் கொள்முதலும்

எப்படி முடிந்தது? திட்டத்தைப் பாருங்கள். அவருடைய சைக்கிள் 37 பவுண்டு எடை, அதாவது 17 கிலோ. அதிலிருந்த மூன்று வேக கியரைக் கழற்றிவிட்டார். ஆசியாவின் கரடுமுரடான சாலையில் கியர் கெட்டால் யார் சரிசெய்வது என்பது அவர் கணக்கு. மாற்று டயர்களை எல்லாம் தூக்கிக்கொண்டு வரவில்லை. வழியில் உள்ள தூதரகங்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தார். தேவையான இடத்தில் தேவையான சரக்கு; கையில் தேங்கும் இருப்பு இல்லை. இதைத்தானே நாமும் அன்றாடம் செய்யப் பாடுபடுகிறோம்?

திட்டம் போட்டபடி எல்லாம் நடக்கவும் இல்லை. ஐரோப்பாவில் அந்த ஆண்டு கடுங்குளிர். பனி மூடிய இடங்களில் லாரியில் ஏறிக்கொண்டார். யூகோஸ்லாவியாவில் ஓநாய்கள் மேலே பாய்ந்தன. ஆப்கானிஸ்தானில் பஸ்ஸில் போகும்போது துப்பாக்கிக் கட்டை இடித்து விலா எலும்பு முறிந்தது. ஆறும்வரை இருந்து, பிறகு மீண்டும் மிதித்தார். முழுவதும் மிதித்தே தீருவேன் என்று அவர் வறட்டுப் பிடிவாதம் பிடிக்கவில்லை. சந்தை இறங்கும்போது விலையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவன் என்ன ஆவான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாமும் போகலாம்

டில்லி வேண்டாம். நான்கு நாள், நாளுக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பக்கத்து மாவட்டக் கோயில் ஒன்றுக்குப் போய் வந்துவிடலாம். இருதயக் கோளாறு, சர்க்கரை உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். ஒரு மாதம் தினமும் காலையில் மிதித்துப் பழகுங்கள். கடைசி வாரம் சுமையோடு மிதியுங்கள். வெறும் சைக்கிள் வேறு, சுமை ஏற்றிய சைக்கிள் வேறு.

புறப்படும் முன் பிரேக் கட்டை, செயின், டயர், போக்குக் கம்பிகளைக் கடைக்காரரிடம் காட்டிச் சரிபாருங்கள். மாற்று டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, ஸ்பேனர் ஒரு செட் கையில் இருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டுதான் புறப்பட வேண்டும். சுமையை முதுகில் மாட்டாமல் பின் சக்கரத்தின் இரு பக்கமும் சம எடையில் தாழ்வாகக் கட்டுங்கள். வேட்டி, சட்டை இரண்டு செட் போதும். விடியும் முன் கிளம்பி, வெயில் ஏறுமுன் பாதித் தூரத்துக்கு மேல் முடித்துவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. அவல், வெல்லம், பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், கொஞ்சம் உப்பு எல்லாம் நம் கடையிலேயே இருக்கின்றன. சமைக்கத் தேவையில்லை, சீக்கிரம் கெடாது, சுமையும் குறைவு.

சாவி யாரிடம்?

இதையெல்லாம் படித்துவிட்டு, "கடையை யார் பார்ப்பது?" என்றுதான் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நாம் நான்கு நாள் இல்லாவிட்டால் கடை நடக்காது என்றால், நாம் இல்லாமலே போகும் நாளில் அது என்ன ஆகும்? மகனுக்குக் கொள்முதல் விலை தெரியுமா? பற்று வரவு நோட்டில் உள்ள கடன்காரர் யார் யார் என்று மருமகளுக்குத் தெரியுமா? மில்காரருக்குக் கொடுக்க வேண்டிய தவணை எங்கே எழுதியிருக்கிறது? எத்தனையோ நல்ல கடைகள் முதலாளி படுத்ததும் ஷட்டர் இறங்கியதற்குக் காரணம் சரக்கு இல்லாமை அல்ல. விவரம் அவர் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்ததுதான்.

ஆகவே பயணத் திட்டத்தில் முதல் வேலை சைக்கிளைத் துடைப்பது அல்ல. இந்த விவரங்களை ஒரு நோட்டில் எழுதி, கடைக்கு வரப்போகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்து விளக்குவதே முதல் வேலை. அந்த நான்கு நாளில் அவர் ஏதாவது தவறு செய்தாலும், கேட்டுத் திருத்த நாம் உயிரோடு திரும்பி வருவோம். அதைவிடக் குறைந்த செலவில் அவருக்குத் தொழில் பழக்க வேறு வழி இல்லை.

டெர்வ்லா மர்ஃபி 2022-ல் தம் 90-ஆம் வயதில் காலமானார். பத்து வயதில் நினைத்ததை, கடமைக்காக இருபது ஆண்டுகள் தள்ளிப் போட்டாரே தவிர, அவர் தள்ளுபடி செய்யவில்லை. நமக்கும் அப்படித் தள்ளிப் போட்ட பயணம் ஏதாவது இருக்கும். கடமையில் பாதியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, வரும் மார்கழிக்குள் தேதி குறியுங்கள்.